யாரைக் கேட்டு எழுதினார்கள்

விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு எதிர்வரிசையில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கும் ரெஜினாவுக்குக் கொஞ்ச நாளாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் உடம்பு எழுந்திரு என்கிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. அடுக்கிய மெழுகுவர்த்தியையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பாங்கில் அவள் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்கப் போனபோதுதான் கணக்கில் விழுந்த பணத்தை வைத்துத் தன் பேரில் ஜிஎஸ்டி வரி உத்தரவு ஒன்று போடப்பட்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. உத்தரவுக்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பினார்களாம். அது அவள் எப்போதோ காலி செய்துவிட்டு வந்த காக்ஸ் டவுன் வீட்டுக்குப் போய், பூட்டிய கதவுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டது. பதில் வரவில்லை, ஆகவே இவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். கடையை விற்றாலும் அடைக்க முடியாத தொகை.

“என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்றாள் ரெஜினா. பாங்கில் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், பூசை முடிந்து வெளியே வந்த பாதரிடமும் சொன்னாள். இரவில் சொல்ல ஆளில்லாதபோது சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவ்வளவு பெரிய வியாபாரமா அவளுக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கடைப் படிக்கட்டு ஓரத்தில் சொர்ணம் பூ விற்கிறாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சண்முகம் டீயும் பஜ்ஜியும் போடுகிறான். சொர்ணத்திடம் இருப்பது பட்டன் போன். சண்முகத்துக்கு பாங்க் கணக்கு உண்டு, ஆனால் அதில் எது விழுந்தாலும் கடன் தவணை வாய்க்குள் போய்விடும். இந்தக் காலத்தில் கையில் காசு வைத்துக்கொண்டு யார் கோயிலுக்கு வருகிறார்கள்? ஆகவே மூன்று பேருக்கும் ரெஜினா கடையில் தொங்கும் ஒரே க்யூஆர் அட்டை. பணம் வந்தது என்று பெட்டி சத்தம் போடும்போது யார் வியாபாரமோ அவர் கையைத் தூக்குவார். கடை சாத்தும்போது அவரவர் காசை ரெஜினா எண்ணிக் கொடுத்துவிடுவாள். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வரும் கூட்டத்தில் அந்தப் பெட்டிக்குத் தொண்டை கட்டாததுதான் அதிசயம். மூன்று பேர் பிழைப்பும் சேர்ந்து ஒருத்தி பேரில் ஏறிக்கொண்டே வந்ததை யாரும் யோசிக்கவில்லை.

அப்பீல் போட்டுக் கொடுத்தவன் கிஷோர். காக்ஸ் டவுனில் அவள் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை, இப்போது ஆடிட்டர். அப்பீல் போடுவதற்கே கேட்ட வரியில் பத்தில் ஒரு பங்கை முதலில் கட்ட வேண்டும் என்றான். தப்பு அவர்களுடையது என்று சொல்லப் போவதற்கு நான் எதற்குக் கட்ட வேண்டும் என்று அவனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். உத்தரவு போடும் முன் ஆளை நேரில் கண்டு சொல்ல வேண்டும் என்று விதியை மாற்றப் போவதாகப் பேச்சு இருக்கிறது ஆன்ட்டி என்று ஆறுதல் சொன்னான். வரட்டும்பா, என் பின்னால் வருகிறவர்களுக்காவது ஆகட்டும் என்றாள்.

ஜெயிக்க வழி ஒன்றுதான். எந்தப் பணம் யாருடையது என்று சொல்ல வேண்டும். பிரித்துப் பார்த்தால் மூன்று பேரும் வரி வரம்புக்குள்தான். பூவுக்கு வரியே கிடையாது. ரெஜினா போய் இருவரையும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். சொர்ணம் தன் பிபிஎல் கார்டை, ஏழைகளுக்குக் கொடுக்கும் ரேஷன் கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். இத்தனை ரூபாய்க்குப் பூ விற்றேன் என்று சர்க்காரில் எழுதிக் கொடுத்தால் கார்டு போகும், அரிசி போகும், ஆஸ்பத்திரிச் சலுகையும் போகும். சண்முகம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று நழுவிவிட்டான்.

இந்த இழுபறியில் விசாரணையை இரண்டு தடவை தள்ளி வைத்தாயிற்று. மூன்றாவது விசாரணைக்கு முந்தைய நாள் கிஷோர் பொறுமை இழந்தான்.

“அவங்க சைன் வேணாம் ஆன்ட்டி. நீங்க பேரை மட்டும் எழுதிக் குடுங்க. அப்பீல் கேக்கற மேடம் கூப்பிட்டு விசாரிச்சுக்கட்டும்.”

“அவங்களுக்குத் தெரியாமயா?”

“கூப்பிட்டா தெரிஞ்சுடப் போகுது.”

மறுநாள் அப்பீல் அதிகாரியின் அறையில், கோப்புகளுக்குப் பின்னால் அந்த அம்மாளின் தலை மட்டும் தெரிந்தது. கன்னடத்தில் தன்மையாகவே பேசினார். க்யூஆர் அட்டை கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, நம்பாமல் இல்லை, ஆனால் கோப்பில் காட்ட ஆள் வேண்டுமே என்றார். ஒரு வெள்ளைத்தாளை இவள் பக்கம் தள்ளினார். பேரும் விலாசமும் எழுதுங்கள், நான் சம்மன் அனுப்புகிறேன் என்றார். கிஷோர் பேனாவை மூடி திறந்தே நீட்டினான்.

ரெஜினா ‘சொ’ என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

ரெஜினா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். தமிழில் அது இப்படி வரும்: “என்னைக் கேக்காம என் பேரை எழுதிட்டாங்கன்னுதான் மேடம் உங்ககிட்ட வந்திருக்கேன். நானும் அதையேதானே பண்றேன். ஒரு தடவை டைம் குடுங்க, கேட்டுட்டு வரேன்.”

அதிகாரி கிஷோரைப் பார்த்தார். கிஷோர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான். இதுதான் கடைசி, இதற்கு மேல் தள்ளி வைக்கச் சட்டத்தில் இடமில்லை, அடுத்த புதன்கிழமை ஆள் வராவிட்டால் கோப்பில் இருப்பதை வைத்துத்தான் எழுத முடியும் என்றார் அதிகாரி. கோப்பில் ஒன்றுமில்லை என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

கிஷோர்தான் அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டான். இறக்கிவிடும்போது, “கையில வந்த கேஸ் ஆன்ட்டி,” என்றான்.

கடைக்கு வந்தவள் பூட்டைக்கூடத் திறக்காமல் சொர்ணத்தின் கூடைப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மத்தியான நேரம், கூட்டமில்லை. சொர்ணம் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சொர்ணக்கா, அன்னிக்குச் சுத்தி வளைச்சுக் கேட்டேன். இன்னிக்கு நேராவே கேக்கறேன். உன் பேரை அங்க சொல்லணும். சொன்னா கூப்பிடுவாங்க. பூவுக்கு வரி கிடையாது, அது நிச்சயம். கார்டு போவுமா நிக்குமான்னு ஆடிட்டருக்கே தெரியல. வேணாம்னா சொல்லிடு. எழுத மாட்டேன்.”

“வேணாம்னா நீ என்ன பண்ணுவே?”

“கடையைக் குடுத்துட்டு வைட்ஃபீல்டுல மக வீட்டுக்குப் போயிடுவேன்.”

“அங்க போய் யாருக்கு மெழுகுவர்த்தி விப்பே? கரண்ட் போன மறு நிமிஷம் ஜெனரேட்டர் ஓடுற ஊரு.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சொர்ணம் நாரைப் பல்லில் கடித்து அறுத்தாள். ஒரு முழம் முடிந்தது. இன்னொரு முழமும் தொடங்கி, பாதி வரை வந்தது. ரெஜினா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். வாயைத் திறந்து கெஞ்சிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

“நீ எழுதாதே,” என்றாள் சொர்ணம் கடைசியில்.

ரெஜினா தலையாட்டினாள். எழுந்திருக்க ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

“உக்காரு. நீ எழுதாதேன்னுதான் சொன்னேன். என்னைக் கூட்டிட்டுப் போ. எவ்வளவுக்கு வித்தேன், பூ வாங்க மார்க்கெட்டுல எவ்வளவு குடுத்தேன், எவ்வளவு வாடி குப்பைல போச்சு, எல்லாம் நானே சொல்றேன். வித்த காசு வேற, கையில நின்ன காசு வேற. நீ எழுதுனா முதல் பாதிதான் தெரியும் அவங்களுக்கு. கார்டைப் புடுங்கறவங்க என்னையும் கேட்டுட்டுப் புடுங்கட்டும். என்னிக்குப் போகணும்?”

“புதன்கிழமை.”

“நல்லவேளை. வியாழக்கிழமைன்னா வர மாட்டேன்.”

ரெஜினாவுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கை நிறையப் பூ இருந்ததால் முழங்கையைத் தொட்டுவிட்டு எழுந்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கார்டு போனால் சொர்ணத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு புதுக் குடைச்சல் ஆரம்பித்தது. இன்னும் ஒருத்தனைக் கேட்க வேண்டும். அவன் மாட்டேன் என்றால் பாதி பாரம் தலையிலேயே நிற்கும்.

ஆட்டோக்களுக்கு நடுவே ரோட்டைக் கடந்தாள். அவள் வருவதைப் பார்த்துவிட்ட சண்முகம், வாங்க ஆளில்லாத நேரத்தில் அவசர அவசரமாக வாழைக்காய் சீவத் தொடங்கினான்.

“என்னக்கா, டீயா?” என்றான், நிமிராமல்.

“டீயும் போடு,” என்று சொல்லி, ரெஜினா பெஞ்சில் உட்கார்ந்தாள்.