முன்னால் ஓர் உகரம்

சபைச் செயலாளர் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார் என்றால் கண்ணில் படும்படி ஏதாவது செய்தாக வேண்டும். பெண்கள் பக்கத்துக்கு மின்விசிறி கேட்டுக் கேட்டு அவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் விசிறிக்குச் செலவாகும். பெயர்ப்பலகைக்குக் கொஞ்சம் பெயின்ட் போதும்.

எதிர்த்து நிற்பவர் அவர் மனைவியின் தம்பி, தமிழாசிரியர். அந்த வாயை முந்தி அடைக்க வேண்டுமென்று, பள்ளியில் படித்த இலக்கணத்தைத் தூசி தட்டினார் செயலாளர். லகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. முன்னால் உகரம் வேண்டும். ‘லுத்தரன்’ அழிந்து, ‘உலுத்தர் திருச்சபை’ என்று கொட்டை எழுத்தில் ஏறியது.

ஞாயிறு காலை மைத்துனர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

“மச்சான், உலுத்தர்னா கஞ்சப்பிசினாரிங்கன்னு அர்த்தம். தெரிஞ்சுதான் எழுதினீங்களா?”

“லுத்தருக்கு முன்னாடி ஒரு உ போட்டேன், அவ்வளவுதான்.”

“போட்டது உ. போனது மானம்.”

ஆராதனை தொடங்குமுன்பே செய்தி பெண்கள் பக்கம் போய்விட்டது. இப்போதாவது உள்ளதை எழுதினாரே என்று செயலாளரின் மனைவியே சொன்னாளாம்.

ஆராதனை முடிந்து கூட்டம் கூடியது. ‘லுத்தரன்’ என்று குறிலில் எழுதுவதா, ‘லூத்தரன்’ என்று நெடிலிலா என்று கிளப்பிவிட்டார் மைத்துனர். அப்பா கல்லறையில் குறில்தான் இருக்கிறது, கல்லை உடைக்கவா என்று ஒருவர் எகிறினார். அப்படியென்றால் அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று யாரோ கேட்டதற்கு, நாமதான் என்று பதில் வந்தது. நெடில் பக்கம் ஆள் கூடக் கூட, பதவி கைநழுவுவது செயலாளருக்குத் தெரிந்தது.

போதகர் எழுந்தார்.

“நம்ம சபைப் பிரிவைத் தொடங்கிவச்ச லுத்தரே தன் பேரை வச்சுக்க வேண்டாம், கிறிஸ்தவங்கன்னு மட்டும் சொல்லிக்கோங்கன்னு எழுதியிருக்கார். பேரையே எடுத்துடுவோமே.”

செயலாளர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“நாம பரம்பரை பரம்பரையா லுத்தரன். நம்ம சபைப் பேரைப் பத்திப் பேச அந்த லுத்தர் யாருங்க?”

குறிலும் நெடிலும் சேர்ந்து கைதட்டின. பெண்கள் பக்கமும் தட்டியது. இதற்கு எதிராக ஓட்டுக் கேட்டால் சபையிலேயே இருக்க முடியாது என்று முணுமுணுத்து மைத்துனர் விலகிக்கொள்ள, செயலாளர் போட்டியின்றித் தேர்வானார்.

போதகர் மெல்ல உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

“போதகர் ஐயா லுத்தரன்தானா, இல்ல வேற ஏதாவதா?”