லூயிஷாமில வைச்ச குங்குமம்

தோர்ஜே தமாங்குக்கு லண்டன் லூயிஷாமில தன்ர வீட்டு மேல்மாடி அறையைக் குடுத்தது யாழ்ப்பாணத்துச் செல்வரத்தினம். அறையெண்டால், கட்டிலைப் போட்டால் கதவு முழுசாத் திறக்காத அறை. அகதிக் கேஸ் முடியுமட்டும் பாஸ்போட் அரசாங்கத்திட்ட. வேலைக்குப் போக ஏலாது, ஊருக்கும் போக ஏலாது. சும்மா இரு எண்டால் பேசிப் பழகின மனிசன் எப்பிடி இருக்கிறது?

ஊரில அவர் லேசுப்பட்ட ஆளில்லை. தமாங் எண்டால் நேபாள மலைச்சனம். புத்தரைக் கும்பிடுற, தனிப்பாஷை பேசுற சனம். எண்டாலும் ராசாவின்ர விஜயதசமிக்கு ஊர்த்தலைவன்ர வீட்டு முத்தத்தில வரிசையா நிண்டு, அடங்கினதுக்கு அடையாளமா அவன்ர கையால நெத்தியில சிவப்புத் திலகம் வாங்கத்தான் வேணும். "எங்கட நெத்தி எங்கட" எண்டு சொல்லி ஒரு பள்ளத்தாக்கையே வாங்காமல் மறிச்சவர் தோர்ஜே. பொலிஸ் தேட, தப்பி வந்திட்டார். மனிசி புத்திமாயா அங்கயே நிண்டாள். தலைவன் அவளின்ர மாட்டை அவிட்டுக்கொண்டு போனான், வாய்க்காலை மறிச்சான். அவள் அந்த முத்தத்தை மிதிக்கேல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு விஜயதசமிக்குக் கோயில் மண்டபத்தில பேச வரச்சொல்லி செல்வரத்தினம் கேட்டார். "உங்கட சனத்தின்ர கதையை எங்கட சனமும் கேக்கவேணும், அண்ணை."

தோர்ஜே பறிபோன காணியைப் பேசினார், பாஷையைப் பேசினார். திலகக் கதையை மட்டும் விழுங்கிப்போட்டார். இவையின்ர திருநாள், இவையின்ர கோயில், சோறு போட்ட வீடு. அதை எந்த வாயால சொல்லுறது?

பேச்சு முடிய, செல்வரத்தினத்தின்ர மனிசி கமலாம்பிகை குங்குமத் தட்டோட மேடைக்கு வந்தா. காய்ச்சலில கிடந்தபோது தோர்ஜேக்குக் கஞ்சி வைச்சுக் குடுத்த கை அது. விலகினால் இந்தச் சனத்தின்ர முகத்தில அடிச்ச மாதிரி. நிண்டால் தன்ர சனத்தின்ர முகத்தில. மண்டபம் முழுக்கக் கை தட்டுது. அவர் நெத்தியைக் குடுத்தார். ஆரோ படமும் எடுத்திட்டான்.

ரெண்டு கிழமை கழிச்சு செல்வரத்தினம் சிரிச்சுக்கொண்டு படியேறி வந்தார். "படம் நல்லா வந்திருக்கு. கேஸ் பேப்பரில கிடந்த ஊர் விலாசத்துக்கு உங்கட மனிசிக்கும் ஒண்டு தபாலில போட்டுவிட்டன். பாத்துச் சந்தோசப்படட்டும்."

தோர்ஜே கட்டிலில இருந்திட்டார். அவர் ஒருநாளும் வீட்டு விலாசத்துக்கு எழுதினதில்லை. அந்த ஊருக்கு வாற தபாலெல்லாம் முதல்ல தலைவன் வீட்டுக்குத்தான் போகும். அப்பதான் எல்லாத்தையும் சொன்னார்.

செல்வரத்தினம் தலையில கையை வைச்சார். "ஐயோ அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

ஓம், சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லேல்லையே.

அடுத்த விஜயதசமி முடிய, காத்மண்டுவிலயிருந்து மச்சான்காரன், புத்திமாயாவின்ர தம்பி, போன் எடுத்தான். தலைவன் அந்தப் படத்தைப் பெருப்பிச்சு முத்தத்து வாசலில கட்டினவனாம். ஏன் வாங்கினது எண்டு தோர்ஜே போனில சொல்லிவிட்டதை மச்சான் ஊருக்குப் போய்த் தொண்டை கிழியச் சொல்லியும் ஒருத்தரும் நம்பேல்லையாம். பள்ளத்தாக்கு முழுக்க வரிசையில நிண்டதாம்.

தானே நேரில போய் நிண்டு சொன்னால் சனம் நம்பும். எப்பிடிப் போறது?

"புத்திமாயாவும் போனவளோ?" தோர்ஜே கேட்டார்.

"அக்காதான் முதல் ஆளாப் போய் நெத்தியைக் குடுத்தவ, அத்தான். 'அவர் ஏலாமல்தான் வாங்கினவர் எண்டு எனக்குத் தெரியும், அந்த அவமானத்தில அவரைத் தனிய நிக்க விடமாட்டன்' எண்டவ."