கை கோத்துத் துள்ளுவதற்கு என்ன சொல்?

ஏழு காணொளித் துண்டுகள் சிவப்புக் குறியோடு திரும்பி வந்திருந்தன. தக்சிலா கணினியை முறைத்துப் பார்த்தாள்.

அவற்றைத் திருப்பி அனுப்பியது, கணினிக்கு ஆட்டங்களின் பெயரைப் படிப்பிக்கும் ஒரு சிறிய நிறுவனம். சத்தமில்லாத காணொளியைப் பார்த்து, அந்த அசைவுக்கு டச்சில் ஒரு சொல், ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். நெதர்லாந்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி ஒஸ்லோவின் அம்மருட் பகுதிக்கு வந்தவளுக்கு, டச்சு தெரிந்ததால் கிடைத்த முதல் வாய்ப்பு. பரீட்சைக்கு நாற்பது துண்டுகள். பிழைகளை இரண்டு மணிக்குள் திருத்தி அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் பழையபடி ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றப் போக வேண்டியதுதான்.

மணி பன்னிரண்டரை.

ஏழுக்கும் அவள் எழுதியது ஒன்றே: டச்சில் 'ஹுப்பலன்', ஆங்கிலத்தில் 'ஸ்கிப்'. சின்னப் பிள்ளைகள் துள்ளித் துள்ளிப் போவார்களே, அது. பாதங்கள் அப்படித்தானே துள்ளுகின்றன? பிறகு எங்கே பிழை? பயத்தையும் மீறி, அறிந்தே ஆக வேண்டும் என்ற ஆவல் அவளைப் பிடித்துக்கொண்டது.

காலையில் பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் பிரவீனன் கோப்பியோடு எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, உந்த ஆக்களுக்குத் தலை இல்லையோ?"

"என்ன?"

"வெறும் காலாக் கிடக்கு. ஆர் மேல்பாதியை வெட்டினது?"

வெட்டியது அவளேதான். பரதம் பழகிய பத்து வருடமும் ரீச்சரின் கண் பாதங்களை விட்டு அகன்றதில்லை. கால் பிசகினால் தாளம் போடும் தட்டுக்கழி நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் எல்லாத் துண்டையும் முழங்காலுக்குக் கீழே பெரிதாக்கித்தான் பார்த்திருந்தாள்.

படத்தைச் சுருக்கினாள். தெரு நிறையச் சனம் கை கோத்து வரிசை வரிசையாகக் குதித்தது.

"ஐயோ, இது ஹொசன்! டச்சுக்காரர் கார்னிவலுக்கு ஆடுறது."

"அப்ப இங்கிலீசில?"

ஹொப், ஜிக், ஸ்வே... ஒன்றும் பொருந்தவில்லை.

"எழும்புங்கோ, ஆடிப் பாப்பம்."

"நானோ? களைச்சுப்போய் வந்தனான், விடும்."

"வாங்கோ எண்டால்!"

கை கோத்துக் குதித்தார்கள். அவள் மேலே போகும்போது அவன் கீழே வந்தான். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுப் புஷ்பமலர் அன்ரி.

"என்ன பிள்ளையள், புருசனும் பெண்சாதியும் அடிபடுறியளோ? என்ரை லைட் ஆடுது!"

"அடிபாடில்லை அன்ரி, ஆட்டம். நடுவிலை வாங்கோ."

"எனக்கு முழங்கால் ஏலாது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே அன்ரி இரண்டு கையையும் கொடுத்தார். மூன்றாவது துள்ளலில் மூவரும் ஒன்றாகிவிட்டார்கள். அன்ரியின் பாரம் மற்ற இருவரையும் இழுத்தது. தன்பாட்டில் துள்ள யாராலும் முடியவில்லை.

அதுதான்! தக்சிலா மேசைக்கு ஓடினாள். டச்சுக் கட்டத்தில் 'ஹொசன்'. ஆங்கிலக் கட்டத்தில், விதியை மீறி, 'ஒற்றைச் சொல் எனக்குத் தெரியவில்லை. கை கோத்த கூட்டம் ஒருவரை ஒருவர் இழுத்துக் குதிப்பது' என்று எழுதினாள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க அனுப்பினாள்.

சற்று நேரத்தில் நிறுவனத்தில் விடைகளைத் திருத்தும் ஹன்னா அழைத்தாள்.

"ஒரு சொல் என்றுதானே கேட்டோம்?" என்றாள் நோர்வேஜிய மொழியில்.

தக்சிலா திரையில் துள்ளும் கூட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "ஸ்கிப் என்று போட்டால் கணினி ஓராளைத் தனியாகத் துள்ள விடும். தெரியாததைத் தெரியாது என்று எழுதினேன்."



"பரீட்சை எழுதிய மற்றவர்கள் எதையாவது போட்டு நிரப்பியிருக்கிறார்கள். நீ திங்கட்கிழமை எட்டரைக்கு வேலைக்கு வா." நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "இப்போது சொல், கையை முழங்கையில் கோப்பதா, விரலிலா? இங்கே நாலு பேர் ஆடிப் பார்க்க எழும்பி நிற்கிறோம்."