குடியிருக்கிற விதம்

காத்து சார் என்றால் கட்டடத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவருக்கு ஞாபகம் வரும். ஏசி இல்லாமலே வீட்டைக் குளுகுளுவென்று வைத்துக்கொள்ளலாம், காற்றுக்கு வழி விட்டால் போதும் என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றப் பேசிச் சம்பாதித்த பட்டம் இது. நல்ல மனிதர்தான். படித்தவர், கை சுத்தமானவர். ஆனால் மற்றவர்கள் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் அதிகமாகப் பார்த்ததில்லை.

அவரிடம் வேலை பார்க்கும் இளைஞர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒன்று சொல்லிச் சிரிப்பார்கள். கோடை பிறந்துவிட்டால் சார் ஊரில் தங்கமாட்டார், வெயிலைப் பற்றிப் பேசக் குளிர் நாட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று. கேலியாகச் சொன்னாலும் அது உண்மைதான். அங்கே கோட்டும் கழுத்துக்குட்டையுமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் அவர் தன் தங்கை வீட்டைப் படம் போட்டுக் காட்டுவார். அவர் கட்டிக் கொடுத்த வீடு அது. 'மூச்சு விடும் வீடு' என்று பத்திரிகைக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை மொட்டை மாடி, எல்லாவற்றுக்கும் மேலே சதுரமாக ஒரு காற்றுக் கோபுரம். மேற்கேயிருந்து வரும் காற்றை அது வாய் திறந்து வாங்கி, கூடத்துச் சுவரில் உள்ள பெரிய திறப்பு வழியாகக் கீழே இறக்கிவிடும். கட்டி முடித்த புதிதில் அந்தத் திறப்புக்கு அடியில் நின்றால் தலைமுடி பறக்கும். அதில் பொய்யே இல்லை.

மேற்கே அப்போது காலி மனை. அதற்கப்புறம் அங்கே ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. காத்து சார் அதைப் பார்க்காமல் இல்லை. படம் எடுக்க வந்தவரிடம் அந்தக் கட்டடம் விழாதபடி கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னதே அவர்தான். அதோடு அதை மறந்தும் விட்டார்.

அந்தக் கட்டடம் எழுந்த பிறகு வந்த கோடையில் தங்கை ஃபோன் செய்தாள். அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். குறை சொல்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். இழுத்து இழுத்துத்தான் சொன்னாள். வீட்டுக்குள் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறது, இவருக்கு மூச்சு முட்டுகிறது என்றாள். இவர் என்றால் அவள் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காத்து சார் அப்போது எங்கோ பனி விழும் ஊரில் விமான நிலையத்தில் இருந்தார். ராத்திரி ஜன்னலைத் திறக்கிறாயா, பகலில் சாத்துகிறாயா, திரையை நனைக்கிறாயா, அடுப்பை எத்தனை மணிக்கு அணைக்கிறாய் என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், "வீட்டுல தப்பு இல்லம்மா. நீங்க குடியிருக்கிற விதத்துலதான் தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஒரு பெரிய வேலை அவர் கைக்கு வருவதாக இருந்தது. வெயிலுக்குப் பேர்போன ஒரு சிற்றூரில், அரசு மருத்துவமனைக்குப் பச்சிளங்குழந்தைகளுக்கான புது வார்டு கட்டப்போகிறார்கள். குறை மாதத்தில் பிறந்ததும் எடை குறைந்ததுமாக எப்போதும் ஒரு கூட்டம் குழந்தைகள் அங்கே இருக்கும். மின்சாரச் செலவைப் பார்த்துப் பயந்துபோயிருந்த தலைமைப் பொறியாளருக்குக் காத்து சாரின் வரைபடம் தேவாமிர்தமாகத் தெரிந்தது. ஆனால் அந்த வார்டின் ஹெட் நர்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வீடு ஒன்றில், உச்சிவெயில் நேரத்தில், தானே நின்று பார்க்காமல் ஏசி வேண்டாம் என்று சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். காத்து சார் பயணத்தை ரத்து செய்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மழை பெய்ததும் கூட்டிக்கொண்டு வரலாமே என்றாள். அதெல்லாம் முடியாது, நாளைக்கு மத்தியானமே வருகிறோம் என்றார். அவள் சரி என்றாள்.

மறுநாள் மூவரும் போய் இறங்கியபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காரிலிருந்து வாசலுக்குப் போவதற்குள் பொறியாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே கால் வைத்ததும் பொறியாளர் "அடேயப்பா" என்று நின்றுவிட்டார். கூடம் அப்படிக் குளிர்ந்திருந்தது. காத்து சாருக்கே ஆச்சரியம்தான். இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல், இதென்ன பிரமாதம் என்பது போலச் செருப்பைக் கழற்றினார். அவர் மனம் மட்டும் துள்ளியது.

மாப்பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். இளைத்துப் போயிருந்தார். முதலில் மொட்டை மாடிக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்துவிடலாம் என்று காத்து சார் சொன்னதும், மாடிச் சாவியைக் காணோம், காலையிலிருந்து தேடுகிறேன் மச்சான் என்று தலையைச் சொறிந்தார். சாவி இல்லாவிட்டால் போகட்டும் என்று காத்து சார் தன் வழக்கமான வித்தையைத் தொடங்கினார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய காகிதப் பட்டை வைத்திருப்பார். அதைத் திறப்புக்கு நேரே பிடிப்பார். அது எழும்பிப் பறக்கும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். இன்றும் பிடித்தார். பட்டை எழும்பியது. எப்போதும் காற்று விட்டு விட்டு வரும், பட்டை தாழ்ந்து தாழ்ந்து எழும்பும். இன்று எழும்பியது எழும்பியபடியே ஒரே சீராகப் படபடத்தது.

அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

வெளியே காற்று அப்பளம் போலக் காய்ந்து கிடக்கிறது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. கோபுரத்துக்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. அதை வரைந்தவருக்குத் தெரியாதா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போதே காதில் அது விழுந்தது. கூர்ந்து கேட்டால் மட்டும் பிடிபடும் ஒரு சன்னமான ரீங்காரம். ஜன்னல் சட்டங்களைப் பார்த்தார். இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. கோபுரத்தின் வாயை மேலே அடைத்துவிட்டு, உள்ளே ஏசியைப் பொருத்தியிருக்கிறார்கள். வெளிப்பெட்டி மாடியில் இருக்கிறது. சாவி தொலையவே இல்லை.

தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறியாளர் இதற்குள் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். ஹெட் நர்ஸ் திறப்புக்கு அடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். போன கோடையில் பழைய வார்டில் மின்விசிறி நெருப்பைத்தான் வாரி இறைத்தது என்றும், ஜன்னலில் ஈரத்துணி கட்டிக் கட்டித் தன் விரலெல்லாம் ஊறிப்போனது என்றும் மெதுவாகச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, "இந்த அளவுக்கு இருந்தா எனக்குப் போதும் சார். நான் இனிமே ஏசி கேக்கல" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பொறியாளர் காத்திருந்தார். உடனே அலுவலகத்தைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். திட்டத்திலிருந்து ஏசியை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன் என்று சிரித்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். காத்து சாருக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் இருபது மேடைகளில் முழங்கியவர் காகிதப் பட்டையைத் திறப்புக்கு நேரே பிடித்தபடியே நின்றார். மனம் மட்டும் விறுவிறுவென்று நியாயங்களை அடுக்கியது. அந்த மருத்துவமனை வெட்டவெளியில் இருக்கிறது, அங்கே மறைக்கக் கட்டடம் கிடையாது, காற்று கண்டிப்பாக வரும். தங்கை வீடு கெட்டுப்போனது பக்கத்து மனையால்தானே? கணக்கு ஒன்றும் பொய்யில்லையே? இப்படிப் பூசி மெழுகிக்கொண்டிருந்தவருக்குள் ஒரு மூலையில், அங்கேயும் நாளைக்கு யாராவது ஐந்து மாடி கட்டினால் குழந்தைகள் யாருக்கு ஃபோன் செய்யும் என்று ஒரு கேள்வி எழுந்தது. அதை அவர் அமுக்கினார்.

"அண்ணா" என்றாள் தங்கை. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?" என்றார் காத்து சார்.

அந்த ஒரு சொல்லைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாரோ, அத்தனை தடவையும் அவருக்கு உடம்பு கூசியது. தங்கையின் முகம் சுருங்கியது. ஆயிரம் பேர் நடுவில் அண்ணனை விட்டுக்கொடுக்காதவள், பொறியாளரிடம் ஃபோனை வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு நர்ஸைப் பார்த்து, "இது காத்து இல்லங்க, ஏசி. உள்ள மறைச்சு வெச்சிருக்கோம். எங்கள நம்பிக் குழந்தைங்கள ஏசி இல்லாமப் போட்டுடாதீங்க" என்றாள். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ரீங்காரம் நின்றது. காத்து சார் கையில் இன்னும் பிடித்துக்கொண்டிருந்த காகிதப் பட்டை துவண்டு தொங்கியது.

மாப்பிள்ளை நாலே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். போன கோடைக்கு முந்தின கோடையில் தான் கூடத்திலேயே மயங்கி விழுந்தது, குளிர்ந்த இடத்தில் இருக்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னது, வெளிச்சுவரில் பெட்டி தெரிந்தால் மச்சான் பேர் கெட்டுவிடும் என்று இவள் ஒளித்து வைக்கச் சொன்னது. மெக்கானிக்கே விழுந்து விழுந்து சிரித்தானாம், ஏசிக்குக் கோபுரம் கட்டின முதல் வீடு இதுதான் என்று. கடைசியில், "மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஏமாத்தினது நாங்கதான்" என்று கும்பிட்டார்.

பொறியாளர் காத்து சாரைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது" என்றார் அவர். காகிதப் பட்டையை எடுக்கும்வரை அது உண்மைதான்.

ஹெட் நர்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கண்ணாடியத் துடைச்சப்பவே உங்க முகம் மாறிடுச்சு சார்" என்றார். "ஏன்னு அப்பப் புரியல. ஃபோன்ல மணி அடிச்சப்பவும் உங்களத்தான் பாத்துட்டு இருந்தேன்."

நர்ஸ் தங்கையின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பொறியாளரிடம், ஏசி இருக்கட்டும், கோபுரமும் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும், காற்று வந்தால் வரட்டும் என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். பொறியாளர் காத்து சாரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

போய்விடலாம் என்றுதான் காத்து சாருக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை மறுபடியும் ஏசியைப் போட ரிமோட்டை எடுத்தபோது தடுத்தார். சாயங்காலம் வரை இங்கேயே உட்காரப்போகிறேன், அதைப் போடவேண்டாம் என்றார். அண்ணா, உன்னால் முடியாது என்றாள் அவள். முடியும் என்றார். பிடிவாதத்தில் மட்டும் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அவள் கணவரைப் பக்கத்து வீட்டில் போய்ப் படுக்கச் சொல்லி அனுப்பினாள். அவர் மறு பேச்சில்லாமல் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தால், அந்த வழி அவருக்குப் பழகின வழி என்று தெரிந்தது.

காத்து சார் மாடிக்குப் போய்க் கோபுரத்தின் வாயை அடைத்திருந்த பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். எதிரே ஐந்து மாடிக்கும் வரிசையாக ஏசிப் பெட்டிகள். அத்தனையும் இந்தப் பக்கம் பார்த்துச் சூடாக ஊதிக்கொண்டிருந்தன. அவர் கட்டிய கோபுரம் அதையெல்லாம் வாய் திறந்து வாங்கி, பத்திரமாக, அவர் தங்கை வீட்டுக் கூடத்தில் இறக்கியது. கணக்கில் பிசகே இல்லை.

இறங்கி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கழற்றினார். பிறகு பனியனையும் கழற்றினார். நாற்காலியின் பிளாஸ்டிக் தொடையில் ஒட்டியது. தண்ணீர் குடித்தார், குடித்தது அப்படியே நெற்றி வழியாக வெளியே வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தார், சாத்திப் பார்த்தார், திரையை நனைத்துப் பார்த்தார். ஃபோனில் தங்கைக்கு என்னென்ன சொன்னாரோ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வெயில் இன்னும் இறங்கத் தொடங்கவில்லை.

தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வேர்த்து ஊற்றியது, ஆனால் அவள் துடைக்கவில்லை, பழகியிருந்தாள்.

"இதுக்குள்ள எப்படிம்மா இருந்தீங்க?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டத் தெரிந்தவளும் இல்லை. உள்ளதைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அவரு மயங்கி விழுந்த அன்னைக்குக்கூட, நாங்க ஏதோ சரியாக் குடியிருக்கலைன்னுதான் நெனச்சோம்ணா."

காத்து சார் தலையைக் குனிந்துகொண்டார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே, ரிமோட்டுக்குக் கையை நீட்டினார்.