சங்கீதா எழுதிய இரண்டாவது அறிக்கை

சங்கீதாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வாரம் முழுக்க சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கறுப்புச் சட்டையும் விசிலுமாக, ஃபேரர் பார்க் பக்கத்துத் திடலில் நடக்கும் ஒரு சின்ன லீக்கில் கால்பந்து நடுவராக நிற்பாள். ஆறு வருடமாக நிற்கிறாள்.

அந்த ஆறு வருடத்தில் அவள் வாங்காத பேச்சு இல்லை. "அக்கா, வீட்ல சமையல் இல்லையா?" என்பது மரியாதையான ரகம். அவளுடைய கணவர் கதிரேசன் பஸ் ஓட்டுநர். "எனக்கும்தான் பஸ்ல தினம் திட்டு விழுது. ஆனா அது என் வேலை. நீ லீவு நாள்ல தேடிப் போய் வாங்கிட்டு வர்றியே" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். கத்துகிற ஆளிடம் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும், பின்னால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, விவாதத்துக்குள் போகாமல் கேப்டனைக் கூப்பிட வேண்டும். இவ்வளவும் அவளுக்குப் பழகியிருந்தது. பழகிவிட்டது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிறு ஆடியவை இரண்டு தமிழ் அணிகள். ஒன்று 'துவாஸ் நண்பர்கள்'. எல்லாரும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் அவர்களுக்கு முழு லீவு. தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸிலிருந்து பஸ், ரயில் என்று மாறி மாறி வந்து சேர்வார்கள். இன்னொன்று 'சிட்டி ஈகிள்ஸ்'. வங்கியிலும் ஐடி கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரன் அசோக். முப்பத்தைந்து வயது இருக்கும், நன்றாக ஆடுவான், நன்றாகப் பேசுவான். நடுவரை "மேம்" என்றுதான் கூப்பிடுவான். துவாஸ் அணியில் அவனைத் தடுக்க நின்றவர் மாணிக்கம். பட்டறையில் வெல்டர், அகலமான தோள், வாயைத் திறக்காமல் ஆடுகிறவர்.

இரண்டாம் பாதியில் ஈகிள்ஸுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோலுக்கு முன்னால் எல்லாரும் நெருக்கி அடித்து நின்றார்கள். சங்கீதாவின் கண் பந்து வரும் திசையில் இருந்தது. ஒரு சத்தம் கேட்டுத் திரும்பியபோது அசோக் மல்லாக்கக் கிடந்தான். மாணிக்கத்தின் இரண்டு கைகளும் இன்னும் நீட்டியபடி இருந்தன. பந்து அவர்கள் பக்கம் வரவே இல்லை.

அவள் விசில் ஊதி, சிவப்பு அட்டையை எடுத்தாள்.

மாணிக்கம் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நேராக அவளை நோக்கி வந்தார். நடையில் ஆரம்பித்தது பாதி தூரத்தில் ஓட்டமானது.

"என்ன பாத்த நீ? என்னத்தப் பாத்த?" என்று கத்தினார். "பொம்பள கையில விசிலக் குடுத்தா இப்படித்தான் ஆகும்!"

சங்கீதா நகரவில்லை. "கேப்டன்" என்றாள், சத்தம் போடாமல். "இவரை வெளியே கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நிமிஷம் தர்றேன். போகலைன்னா மேட்ச் இதோட முடிஞ்சது."

மூன்று பேர் மாணிக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் போகிற வழியில் தண்ணீர்ப் பெட்டியை உதைத்தார். அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மேட்சை ஈகிள்ஸ் இரண்டு கோலில் ஜெயித்தது. முடிந்ததும் அசோக் வந்து, "வெரி ப்ரேவ், மேம்" என்று கை கொடுத்தான்.

வீட்டுக்குப் போய் அவள் அறிக்கையை எழுதினாள். 'பந்து இல்லாத இடத்தில் எதிரணி ஆட்டக்காரரைத் தள்ளினார். வெளியேற்றப்பட்டதும் நடுவரை நோக்கி ஆவேசமாக ஓடி வந்தார். பெண் என்பதைச் சொல்லி இழிவாகப் பேசினார்.' எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நடுவரை நோக்கி ஓடி வந்தால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது என்பது லீக்கின் விதி. அதுவும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் ஓடி வந்த வேகம் இன்னும் கண்ணுக்குள் நின்றதால் அதைப் பற்றி அவ்வளவாக வருந்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா, நான் உமைர். ஈகிள்ஸ் கோல்கீப்பர். கொஞ்சம் பேசணும். போன்ல வேண்டாம்.'

அவள் காலை ஷிப்ட் முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறினாள். பஃபலோ ரோடு பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் உமைர் உட்கார்ந்திருந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஒரு பல் கிளினிக்கில் வேலை. முன்னால் இருந்த தே ஹாலியா என்ற இஞ்சிப் பால் டீ ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. எத்தனை நேரமாகக் காத்திருந்தானோ.

"அக்கா, மாணிக்கம் அண்ணன் தள்ளினது தப்புதான்" என்று ஆரம்பித்தான். "ஆனா அசோக் என்ன சொன்னான்னு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லையே."

"முதல் பாதியிலேர்ந்தே சொல்லிட்டிருந்தான். கிட்ட நின்னு, மெதுவா. 'உங்க லாரி வந்துருச்சுடா, போய் பின்னாடி ஏறிக்கோ'ன்னு. ஒவ்வொரு கார்னருக்கும் சொன்னான். கடைசித் தடவை, 'உன் புள்ளைக்கு நீ லாரி பின்னாடி உக்காந்திருக்கிற போட்டோ அனுப்புனியா'ன்னு கேட்டான். அப்பத்தான் அவர் தள்ளினார்."

தொழிலாளர்களை லாரியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவதை சங்கீதா வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறாள். வெயிலில், மழையில், ஒருவர் தோள் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியபடி போவார்கள். அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 'லாரி' என்ற சொல் முதல் பாதியில் அவள் காதிலும் விழுந்திருந்தது. திரும்பிப் போக வண்டி ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

"ஏன் அப்பவே சொல்லலை, உமைர்?"

"என் டீம் லா, அக்கா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். ரெண்டு நாளா சரியா சாப்பிட முடியலை."

"நான் இதை எழுதணும்னா உங்க பேரையும் எழுதணும். காதால கேட்டது நீங்கதான்."

உமைர் கண்ணாடித் தம்ளரை வெகுநேரம் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு, "எழுதுங்க" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் துவாஸ் கேப்டனிடம் எண் வாங்கி மாணிக்கத்துக்குப் போன் செய்தாள். பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நான் ரெஃப்ரி சங்கீதா பேசறேன்."

"சொல்லுங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஞாயித்துக்கிழமை அசோக் உங்களை என்ன சொன்னார்னு தெரிஞ்சுக்கணும்."

"அப்பக் கேட்டிருக்கணும் நீங்க."

"ஆமா. கேட்டிருக்கணும்."

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இரும்புச் சத்தம் மெல்ல விலகியது. நடந்து தள்ளி வந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட வந்து சொல்லத்தான் வந்தேன்" என்றார். "ஆனா அந்த வார்த்தைய அத்தன பேர் முன்னாடி என் வாயால எப்படித் திருப்பிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. வாயத் தொறந்தா வேற என்னமோ வந்துருச்சு." குரலைத் தாழ்த்தினார். "என் மகளுக்கு நான் இங்க லாரியில போறது தெரியாது. கம்பெனி பஸ்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அத எப்படியோ தெரிஞ்சவன் மாதிரியே பேசுனான் பாருங்க."

"தள்ளினதுக்கும் என்னைப் பேசினதுக்கும் தண்டனை இருக்கும். அதை ரத்து பண்ணச் சொல்லி நான் கேக்க மாட்டேன். ஆனா நடந்தது முழுசா எழுதறேன்" என்றாள் சங்கீதா.

"எழுதுங்க" என்றார் மாணிக்கம். நன்றி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார்.

லீக்கை நடத்துபவர் அண்ணாதுரை, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். இரண்டாவது அறிக்கையைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"சங்கீதா, நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். ரெஃப்ரியே ரிப்போர்ட்டை மாத்தினா, ரெஃப்ரி தப்புப் பண்ணிட்டாங்கன்னு ஆகிடும் லா. நாளைக்கு எவனும் உங்க விசிலுக்கு மதிப்புத் தர மாட்டான்."

"நான் எதையும் மாத்தலை சார். முதல்ல எழுதினது அப்படியே இருக்கு. நான் பார்த்தது பாதி. மீதியை இப்ப சேர்த்திருக்கேன்."

"உங்களைத் திட்டினவனுக்காகவா இவ்வளவும்?"

அவள் அதைத்தான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். "திட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை சார்" என்றாள். "எனக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் நியாயம் பாக்கறதுன்னா எனக்கு எதுக்கு விசில்?"

அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை நடந்தது. உமைர் வந்து, அவளிடம் சொன்னதையே திரும்பச் சொன்னான். அசோக் முதலில் மறுத்தான். பிறகு, "கிரவுண்டுல எல்லாரும் சொல்றதுதானே, கவனத்தைக் கலைக்கறதுக்காக" என்றான். முடிவில், சீண்டப்பட்டவர் என்பதால் சீசன் முழுக்கத் தடை என்ற விதியைத் தளர்த்தி, மாணிக்கத்துக்கு இரண்டு ஆட்டம் தடை. அசோக்குக்கு நான்கு.

வாசலில் அசோக் அவளை நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது. "மேம், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நானும் ஊர்லேர்ந்து வந்தவன்தான். எங்கப்பாவே லாரி டிரைவர்." சொல்லி முடித்ததும் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சங்கீதாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் கரைந்தது. "இதை நீங்க மாணிக்கத்துகிட்டதான் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அவன் பேசினானா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த சில வாரங்கள் சுலபமாக இல்லை. ஈகிள்ஸ் ஆடும்போதெல்லாம் அவள் விசிலுக்குக் கேலியாகக் கைதட்டினார்கள். "மேம், இதையும் ரெண்டு தடவை எழுதுவீங்களா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. உமைரிடம் அணியில் பாதிப் பேர் பேசவில்லை. ஆனாலும் வேறு கோல்கீப்பர் இல்லாததால் அவனை வெளியேற்ற முடியவில்லை. அதைச் சொல்லி அவனே சிரித்தான். சங்கீதா கார்னர் சமயங்களில் முன்பைவிட இரண்டடி நெருங்கி நின்றாள். யார் யாரிடம் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று காது கொடுத்தாள். களைப்பாக இருந்தது. ஒரு ஞாயிறு, "விட்டுடலாமான்னு இருக்கு" என்று கதிரேசனிடம் சொன்னாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. அவளுடைய கறுப்புச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, "அடுத்த ஞாயிறு நானும் வந்து பார்க்கறேன்" என்றார்.

அவர் வந்த ஞாயிறுதான் மாணிக்கம் தடை முடிந்து திரும்பிய ஆட்டமும் நடந்தது. ஆட்டம் தொடங்கும் முன் மாணிக்கம் அவள் பக்கம் வந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் புல்லைப் பார்த்தார்.

"அன்னிக்கி பொம்பளன்னு சொன்னது தப்பு மேம். எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"சரி. போய் ஆடுங்க" என்றாள் சங்கீதா.

இருபதாவது நிமிடத்தில் அவர் ஓடிவந்த ஒருவனைக் குறுக்கே விழுந்து தடுத்தார். அவள் விசில் ஊதி மஞ்சள் அட்டையைக் காட்டினாள்.

மாணிக்கம் துள்ளி எழுந்தார். "மேம்! பந்தைத்தான் தொட்டேன்!"

"முதல்ல காலைத் தொட்டீங்க."

"பந்து மேம்!"

"கால்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை முறைத்தார். அவளும் அசையாமல் பார்த்தாள். பிறகு அவர் தலையை ஆட்டியபடி, விழுந்து கிடந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பி ஓடினார். போகும்போது ஏதோ முணுமுணுத்தார். சங்கீதாவுக்கு அது தெளிவாகவே கேட்டது. அட்டை காட்டும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.