மாடியில் கட்டிய வானம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெரால்டுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யக் கூடாத நேரமாகப் பார்த்துத்தான் வேலை செய்யும்.

மகள் மெர்சிக்குத் தலைப்பிரசவம். செவ்வாப்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து அடுத்த வாரம் வருகிறாள். பிள்ளை பிறக்க இன்னும் ஐம்பது நாள். இங்கே இருப்பதோ ஒரு கூடமும் ஒரு சமையலறையும். அதனால் மொட்டை மாடியில் ஓர் அறை எழுப்பிவிட்டான். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பதே பூச்சு வேலை முடிந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிப் போட, ஊராட்சி செயலர் பூவராகவன் வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். இடிக்கச் சொல்லிவிட்டால் மெர்சியை எங்கே படுக்கவைப்பது என்று இரண்டு நாள் ஜெரால்டுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மூளை வேலை செய்தது. ஃப்ளெக்ஸ் கடை அன்புசெல்வனிடம் போய் நின்றான்.

"அண்ணாத்த, ரூமை மறைக்கிற சைசுல ஒரு ஃப்ளெக்ஸ் அடி. வெறும் ஆகாசம், கொஞ்சம் மேகம். ரோட்லேர்ந்து பாத்தா ஊட்டு மேல ஒண்ணுமே இல்லாத மாறி இருக்கணும்."

அன்புசெல்வன் இருபது வருடமாக ஃப்ளெக்ஸ் அடிப்பவர். முகம் இல்லாத ஃப்ளெக்ஸை அவர் கை அடித்ததே இல்லை. மேகத்துக்கு நடுவே இடம் வீணாகக் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மெர்சியின் கல்யாண பேனருக்காக வாங்கி வைத்திருந்த ஜெரால்டின் படத்தை, கும்பிட்ட கையோடு, அங்கே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜெரால்ட் ஷிஃப்டில் இருக்கும்போதே ஆள் விட்டுக் கட்டியும் விட்டார்.

மதியம் பின்வழியாக வீட்டுக்குள் வந்து வாசலில் எட்டிப் பார்த்த ஜெரால்ட், தலைக்குமேல் தன்னையே பார்த்தான். மேகத்தில் நின்று ஊரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கயிற்றை அறுத்துவிடலாம் என்று காய் நறுக்கும் கத்தியோடு மாடிப்படி ஏறி அறைக்குள் போனதும் வாசலில் பைக் சத்தம். ஜன்னலோரம், ஃப்ளெக்ஸுக்குப் பின்னால், அப்படியே குந்திவிட்டான்.

பூவராகவன் கையில் மாலையோடு இறங்கினார். தெருமுனையில் பேனரைப் பார்த்ததும் திரும்பிப் போய் வாங்கி வந்த மாலை.

"இன்னாம்மா இது, நல்லாத்தானே இருந்தாரு" என்றார், வெளியே வந்த ஜெரால்டின் மனைவி ஆரோக்கியமேரியிடம். "மாடில ரூம் கட்டிக்கினாருன்னு ஒரு புகாரு வந்துது. இனிமே யாருக்கு நோட்டீஸ் குடுக்கறது? எறந்தவரு பேர்ல குடுக்க முடியாது. வாரிசு பேருக்கு மாத்தவே ஆறு மாசம் ஆவும்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த ஆரோக்கியமேரி, ஆறு மாசம் என்றதும் முந்தானையால் அதே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மேலே ஜெரால்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு மாதம்தானே, செத்தே இருந்துவிடலாம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஷிஃப்டுக்குப் போய்வந்தால் தீர்ந்தது.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. எவனோ பேனரை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டிருக்கிறான். மெர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ப்பா, என் புள்ளையப் பாக்காமலே பூட்டியேப்பா" என்று தரையில் சரியப் போனாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு ஜெரால்டுக்கு அறையும் வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம். வானத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழித்துத் தலையை வெளியே நீட்டினான்.

"கண்ணு, கீழ உக்காராத, தரை சுடும். அப்பா இங்கதான் இருக்கறேன்."

வானத்தில் இப்போது இரண்டு ஜெரால்ட். ஆட்டோக்காரர் வாடகைகூட வாங்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இறங்கி வந்தவனை மெர்சி முதுகில் நாலு சாத்து சாத்தி, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான்.

பூவராகவன் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜெரால்டின் கழுத்திலேயே போட்டார். பிறகு பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார்.

"கையெழுத்து போடு. பதில் சொல்ல முப்பது நாள்."

ஜெரால்ட் மகளின் வயிற்றைப் பார்த்தபடியே போட்டான். இன்னும் நாற்பத்தைந்து நாள் பாக்கி இருக்கும் வயிறு.

பூவராகவனும் அதைத்தான் பார்த்தார். "எப்போம்மா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பைக்கில் ஏறினார்.

"பத்தலேன்னா இன்னொரு முப்பது நாள் டைம் கேட்டு மனு போடுப்பா" என்றார். "செத்தவன் போட முடியாது. நீ போடலாம்."