கொய்யாவில் போட்ட முடிச்சு

உடையார்பாளையத்து முந்திரி மண்டிகளில் லாரி லோடுக்குக் கயிறு கட்டுவது தங்கசாமியின் வேலை. அவர் போட்ட முடிச்சு வழியில் தளர்ந்ததாக ஒரு டிரைவரும் சொன்னதில்லை. அதை அவிழ்க்கத் தெரிந்தவரும் அவர் ஒருவரே என்பதால், மூட்டை இறங்கும் ஊர் வரைக்கும் அவரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்குக் கொல்லையில் ஒரு கொய்யாச் செடி. அரியலூர் முதல் தடவை தனி மாவட்டமான வருஷம் அவள் அக்கா வீட்டிலிருந்து பதியனாக வந்தது. நாலு வருஷம் எருவும் புண்ணாக்குத் தண்ணீரும் குடித்துக் கூரையைத் தாண்டி நெடுநெடுவென்று போயிற்றே ஒழிய, ஒரு மொட்டு இல்லை.

மாட்டுப் பொங்கலுக்கு வந்த அவள் தம்பி குருநாதன் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். "அக்கா வளக்கறது கொய்யா இல்ல மாமா, கொடிமரம்" என்றான். பந்தியில் எட்டுப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் வேகத்தில் தங்கசாமி, சித்திரை ஒண்ணுக்குள் பூக்காவிட்டால் வெட்டிப்போட்டு அந்த இடத்தில் வைக்கோல்போர் போடுவதாகச் சொல்லிவிட்டார். கொளஞ்சி மறுநாள் காலை செடிக்கு ஒரு குடம் கூடுதலாக ஊற்றினாள். பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்தவருக்கு வாயில் இருந்த வேப்பங்குச்சி கூடுதலாகக் கசந்தது. எட்டுப் பேர் முன்னால் சொன்ன சொல். இனி ஒன்று செடி பூக்க வேண்டும், இல்லை அவர் அரிவாளை எடுக்க வேண்டும்.

தை கடைசியில் ஒரு லோடு போகும்போது பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்போரம் டயர் பஞ்சராயிற்று. அங்கே நிமிர்ந்த கிளைகளையெல்லாம் வளைத்து, தரையில் முளையடித்துக் கட்டியிருந்தார்கள். விசாரித்தார். செழிப்பில் மேலே மேலே போகிற கிளை காய்க்காது, மடக்கிக் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூ வைக்கும் என்றார்கள். கயிறு கட்டுவதுதானே, இதைவிட என்ன வேண்டும் தங்கசாமிக்கு?

ஆனால் கொளஞ்சி செடியைத் தொட விடமாட்டாள். இரண்டு வருஷம் முன்பு கிளையைக் கழித்துக் கவாத்துப் பண்ணுகிறேன் என்று அவளுடைய கருவேப்பிலைக் கன்றைத் தூரோடு சாகடித்த கை அது. ஆகவே மாசி பிறந்து ஒரு திங்கட்கிழமை, அவள் சிறுவாச்சூர் கோயிலுக்கு பஸ் ஏறியதும் நாலு முளை அடித்தார். நாலு கிளையையும் மெள்ள மெள்ள வளைத்துக் கட்டினார்.

சாயங்காலம் குங்குமமும் கையுமாக வந்தவள் கொல்லையில் அப்படியே நின்றுவிட்டாள். அவர் தோப்புக் கதையைச் சொன்னார்.

"கருவேப்பிலைக்கும் இப்படித்தான் ஒரு கத சொன்னீங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

மூன்று கிளைகளை அவளே அவிழ்த்துவிட்டாள். அவை விசுக்கென்று பழையபடி நிமிர்ந்துகொண்டன. நாலாவது கிளைக்குக் கயிறு போதாமல் அவர் தொழில் கயிற்றைப் போட்டு லாரிக்குப் போடுகிற முடிச்சையே போட்டிருந்தார். அது அசையவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அவரிடம் கேட்க மனசில்லை. ஒருமுறை அரிவாள்மனையைக் கொண்டு வந்து கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லோடு கட்டுகிறவன் வீட்டில் கயிற்றை அறுக்கக் கூடாது, போன வண்டி திரும்பாது என்பார்கள். அவர் அன்றைக்குத் திண்டுக்கல் லோடில் போயிருந்தார். அரிவாள்மனையைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டாள். அவர் அதைக் கேள்விப்பட்டது பக்கத்து வீட்டுப் பாப்பாயி சொல்லித்தான்.

பேச்சு இல்லையே தவிர, கயிறு இழுத்துக் காய்த்துப்போன அவர் கைக்குச் சாயங்காலம் வெந்நீர் தவறாமல் வந்தது. சொம்பு மட்டும் டக்கென்று உட்காரும்.

பங்குனி முடிந்தது. சித்திரை ஒண்ணாம் தேதி விடியும்போது தங்கசாமி எழுந்திருக்கவே இல்லை, போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னங்க."

ஒன்றரை மாசத்துக்குப் பிறகு கேட்ட குரல். அரிவாளை எடுத்துக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனார். நிமிர்ந்த மூன்று கிளைகளில் வெறும் இலை. மடங்கிக் கிடந்த கிளையில் கணுவுக்குக் கணு மொட்டு. இரண்டு விரிந்திருந்தன. வெள்ளை இதழ்களுக்கு நடுவில் மகரந்தம் பஞ்சாக இழை இழையாக நின்றது. கொளஞ்சி அதைத் தொடாமல், கையைக் கீழே தாங்கல் கொடுத்தாற்போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்த மூணையும் கட்டுங்க" என்றாள். "நானும் அவுக்கிற மாதிரி முடிச்சுப் போடுங்க."

அவர் முளையைத் தேடி எடுத்தார். இதுதான் சமயம் என்று, "அப்ப அந்தக் கருவேப்பில..." என்று ஆரம்பித்தார். கொளஞ்சி கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, "அத நான் மறக்கல. கயித்தப் போடுங்க" என்றாள்.